பச்சோணான் ராவுத்தரும் நிறம் மாறாத ஒரு வருஷமும்

அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்து இறங்கிய சுண்ணாம்பில் பாதி ஒரே ஒரு வீட்டுச் சுவரில்தான் ஏறியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஏற்றியவன் நான். என் வலது தோள்பட்டை இன்றைக்கும் அதற்குச் சாட்சி சொல்லும்.

அந்த வீட்டுக்காரருக்கு அத்தா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, தெருவிலும் யாருக்கும் ஞாபகம் இல்லை. சிம்மக்கல்லில் ஆணி, கீல், தாழ்ப்பாள் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். எதிரே பார்த்தால் ராவுத்தரண்ணே என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் பச்சோணான் என்பார்கள். ஓணானாவது மரத்துக்குத் தக்கபடி தன் தோலைத்தான் மாற்றிக்கொள்ளும். இந்த மனுஷன் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து வீட்டை மாற்றுவார்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. நான் வெள்ளையடிக்கிற வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, கற்றாழை நார் மட்டையும் வாளியும் கைக்கு வந்திருந்தன. அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். சுவரைப் பார்த்தபடி நிற்கலாம், யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ராவுத்தர்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பார்க். சிம்மக்கல்லில் இருந்து வைகைப் பாலத்தைத் தாண்டினால் வடகரையில் பெரிய பார்க் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அங்கே போவது உட்காருவதற்குத்தான். வாசலில் கடலை வாங்குவார்கள், முதல் பெஞ்சில் உட்காருவார்கள், பாண்டு வாசித்தால் கேட்பார்கள், கடலை தீர்ந்ததும் எழுந்து வந்துவிடுவார்கள். ராவுத்தர் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் நேராக பார்க்குக்குப் போவார். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். குடையை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் கடை திறக்கிற நேரம் வரை நடைதான்.

"தம்பி, இந்தப் பார்க்க முழுசாப் பாத்தவன் மதுரையில ஒருத்தன் கெடையாது" என்பார். "வேலை பாக்குற தோட்டக்காரனே பாத்ததில்ல. அவனவன் அவனவன் பாத்தியத்தான் பாத்திருக்கான். நான் ஒருத்தன்தான் சுத்திக்கிட்டிருக்கேன்."

சுற்றுகிறவர் பாதையில் போவாரா என்றால் மாட்டார். பாதையில் போனால், பாதை போட்டவன் எதைப் பார்த்தானோ அதைத்தான் நாமும் பார்க்க முடியும் என்று ஒரு தத்துவம் வைத்திருந்தார். அந்தத் தத்துவத்தோடு ஒரு நாள் மூங்கில் புதருக்குள் நுழைந்துவிட்டு வெளியே வர வழி தெரியாமல் உச்சி வெயில் வரை உள்ளேயே நின்றார். குடை மட்டும் புதருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. காவலாளி சோணை போய்த்தான் இழுத்துவந்தார். முகமெல்லாம் கீறல். வந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள ஒரு மஞ்சள் இருக்கு சோணை, வெளிய எங்கேயும் கெடையாது."

அந்த மஞ்சளைத்தான் மறுநாள் அவர் வீட்டு முன்கட்டில் நான் அடித்தேன்.

எங்கள் பழக்கம் ஒரு புங்க இலையில் தொடங்கியது. பெருநாளுக்கு வீடு அடிக்க வேண்டும் என்று வரச்சொன்னார். போனேன். வெள்ளையா, நீலமா, காவியா என்று கேட்டேன். மடியில் இருந்து ஒரு தளிர் இலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது."

"இது எலைண்ணே."

"எலைன்னு எனக்குத் தெரியும் தம்பி. இந்த நெறம்."

கலந்தேன். பச்சைப் பொடி, மஞ்சள் காவி, கொஞ்சம் நீலம் எல்லாம் போட்டு அரை நாள் கலக்கி இலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தேன். சுவரில் ஒரு இழுப்பு இழுத்ததும் ராவுத்தர் முகம் சுருங்கிப்போனது. "கருப்பா இருக்கே."

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். வெள்ளையடிக்கிறவனுக்கு இது முதல் பாடம். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராவுத்தருக்கு மட்டும் அது லேசில் ஏறவில்லை. காயட்டும் அண்ணே என்பேன். தலையை ஆட்டுவார். நான் வாளியைக் கழுவிக்கொண்டு வருவதற்குள், "தம்பி, இன்னங் கொஞ்சம் வெள்ளையச் சேரு" என்பார். சேர்ப்பேன். அதுவும் காயும், வெளுக்கும். மறுநாள் காலையில் சுவர் நோயாளி முகம்போல இருக்கும். இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இதற்குள் இலையும் வாடிப் பழுத்திருக்கும். ஆக, சுவர் ஒரு பக்கம் ஓட, இலை இன்னொரு பக்கம் ஓட, நடுவில் நான் மட்டையோடு நின்றேன். அந்தப் பெருநாளுக்கு அந்த முன்கட்டு ஏழு தரம் நிறம் மாறியது. தொழுகைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் பச்சோணான் என்ற பேர் விழுந்தது.

சுவர்மேல் அவருக்கு இருந்த மரியாதை இன்னும் வேடிக்கை. ஊருக்கெல்லாம் ஆணி விற்கிற மனுஷன், அவர் வீட்டில் ஒரு ஆணி கிடையாது. கண்ணாடி, காலண்டர், சட்டை மாட்டுகிற கொக்கி எதுவும் சுவரில் ஏறக் கூடாது. சட்டையெல்லாம் கதவின்மேல் தொங்கும். கதவைச் சாத்தினால் விழும். அவருடைய சம்சாரம் ஆமினாம்மா முகம் பார்க்கிற கண்ணாடியை அரிசிப் பானைமேல் சாய்த்துவைத்துக் குனிந்து தலைசீவினார். பெண்மக்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்ட வீடு. அந்த அம்மாவும் இவரும்தான். ஆணி அடிக்க ஆசைப்பட்டவர் ஒருவர், அடிக்க விடாதவர் ஒருவர் என்று சரியாகப் போயிற்று.

இலை பறித்துக்கொண்டு வருவது ரொம்ப நாள் நடக்கவில்லை. சோணை ஒரு நாள் வாசலில் வைத்துப் பிடித்துவிட்டார். நானும் கூட இருந்தேன்.

"மடியில என்னா பாய்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. கீழ கெடந்த எலை."

சோணை இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ கெடந்த எலையில காம்புல எப்புடிப் பாய் பால் வடியுது?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அந்த மாதிரி சமயத்தில் எனக்கு வேறு எதையும் பார்க்க வராது.

"பூவோ எலையோ வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு" என்றார் சோணை. "வாசிக்கத் தெரியுமில்ல?"

வாசித்தார். வாசித்ததுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வெளியே கொண்டுபோகத்தான் கூடாது என்று போட்டிருக்கிறது, உள்ளே கொண்டுவரக் கூடாது என்று போடவில்லை, ஆகையால் சுண்ணாம்போடு வரவும் என்று சேதி.

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. ஒரு காவடிக் கம்பில் முன்னும் பின்னும் கலயங்கள், கக்கத்தில் மட்டை, தலையில் கலர்ப்பொடி மூட்டை. முன்னால் செருப்பில்லாமல் குடையோடு ராவுத்தர். பின்னால் நான். கடலை தின்கிற கூட்டம் மொத்தமும் எழுந்து கூடவே வந்தது.

"என்னாண்ணே, மரத்துக்கு வெள்ளையடிக்கப் போறீகளா?"

"இல்லப்பா. மரத்தப் பாத்து இவருக்கு அடிக்கப் போறாக" என்பான் கூட்டத்தில் இன்னொருவன்.

ராவுத்தர் காதில் வாங்க மாட்டார். ஒரு வாகை மரத்தடியில் நிற்பார். உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்து நீட்டுவார். நான் கலந்து சில்லில் பூச வேண்டும். சில்லை மரத்தில் சாய்த்துவைத்து, வெயிலில் காய்கிற வரை எதிரே குத்தவைத்துக் காத்திருப்போம். காய்ந்ததும் அவர் ஒரு கண்ணை மூடுவார். "இல்ல" என்பார். அடுத்த சில்லு. இப்படி ஒரு நிறத்துக்கு இருபது சில்லு. அதற்குள் வெயில் ஏறி இலையின் நிறம் மாறிவிடும். "காலையில இருந்த பச்சை எங்கிட்டுப் போச்சு தம்பி" என்று என்னைக் கேட்பார், நான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி.

பார்க்கின் மூலைகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பேர் வைத்திருந்தார். மூக்குப்பொடி மூலை, சுக்குத் திட்டு, மோர்ச்சோற்று மரம். அந்தப் பேர்கள் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்ததற்காக நான் பெருமைப்பட்டதில்லை.

இதற்கிடையில் ஆமினாம்மா ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மூன்று நாள் திண்டுக்கல் போயிருந்தார். போகும்போது வீட்டு வெளிச்சுவர் சாம்பல் நீலம். வருகிறபோது கொன்றைப் பூ மஞ்சள். ஜட்கா வண்டிக்காரன் தெருவில் மெதுவாக ஓட்டினான். அம்மா வண்டித்திரைக்குள் இருந்து நீல வீட்டைத் தேடிக்கொண்டே வந்தார். தெருவில் நீல வீடு ஒன்று இருந்தது. இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது அடுத்த வீடு. அங்கே ஒரு கிழவர் வேஷ்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா தன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே ஜட்காவில் ஏறி ரயிலடிக்குப் போய், சமயநல்லூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அங்கே இருந்து ஒரு ஆள் வந்து சேதி சொன்னான். மூன்று மாதம் வீடு ஒரே நிறத்தில் நின்றால் வருவாராம். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்வாராம்.

"மூணு மாசந்தானே" என்றார் ராவுத்தர். விரல்விட்டு எண்ணியும் பார்த்துக்கொண்டார்.

அந்த மூன்று மாதமும் அவரே சோறு பொங்கினார். அவர் பொங்கிய சோற்றை ஒரு நாள் நானும் தின்றேன். சுவரில் அடித்திருந்தால் நன்றாக ஒட்டியிருக்கும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்தார். கொன்றை மஞ்சள் அப்படியே நின்றது. தொண்ணூறாவது நாள் என்னைக் கூப்பிட்டார். சமயநல்லூருக்குச் சாட்சியாக வர வேண்டும் என்றார். தன் வார்த்தையை அவர்கள் நம்ப மாட்டார்கள், என் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல வராத முகம் என்று தெரியும் என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சமயநல்லூர் வீட்டு வாசலில் நின்றோம். நடைக்கதவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆமினாம்மா.

"தம்பி, நீங்க சொல்லுங்க. வீடு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்குங்கம்மா. மஞ்சதான்."

"வெளிச்சுவரு?"

"மஞ்ச."

"முன்கட்டு?"

"மஞ்சங்கம்மா."

ராவுத்தர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கண்ணைச் சிமிட்டினார்.

"தம்பி, ரெண்டு கையையும் செத்த நீட்டுங்க."

நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நானே பார்த்தேன். பத்து நகக்கண்ணிலும் அழுத்தமான ஊதா கலந்த சிவப்பு.

அன்று காலை ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நடந்த வேலை அது. நாகலிங்கப் பூவின் உட்புறம் ஒரு நிறம் இருக்கிறதே, அதைப் பதினோரு வாரம் பார்த்துப் பார்த்து மனுஷனுக்குத் தாங்கவில்லை. விளக்கு வைக்கிற மாடத்துக்குள் மட்டும் கொஞ்சம் அடி, அது சுவர் இல்லையே, சுவரில் இருக்கிற பள்ளம்தானே என்றார். அடித்தேன்.

"அது வேற வீட்டுல அடிச்சதும்மா" என்று ராவுத்தர் முந்திக்கொண்டார்.

"இந்த நெறத்த அடிக்க மதுரையில வேற வீடு ஒண்ணு இருக்குன்னு சொல்றீகளா?" என்று திரை கேட்டது.

ராவுத்தர் குடைக் காம்பைத் திருகினார். நான் கையை நீட்டியது நீட்டியபடியே நின்றேன், மடக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த முறை கெடு நீண்டது. வருகிற நோன்புப் பெருநாளுக்கு அடிக்கிற நிறம் அடுத்த நோன்புப் பெருநாள் வரை நிற்க வேண்டும், மாடம் பள்ளம் எல்லாம் சேர்த்து. பெருநாள் காலையில் தானே வந்து பார்ப்பதாகவும், பார்த்துவிட்டு இருப்பதா போவதா என்று அங்கேயே முடிவு செய்வதாகவும் அம்மா சொன்னார். சொல்லும்போது கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வருகிற ரயிலில் ராவுத்தர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. வெளியே மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு வருஷத்துக்கு ஒரே நிறம். அதைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்டது ஏழு வாரம். பார்க்கை வடக்கில் இருந்து தெற்காக ஒரு முறை, கிழக்கில் இருந்து மேற்காக ஒரு முறை, வேலியை ஒட்டி ஒரு முறை நடந்தார். தாமரைக் குளத்துக்குள் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று இலையின் அடிப்புறத்தைப் பார்த்தார். சோணை கரையில் நின்று விசில் ஊதி ஊதி வாய் வலித்து உட்கார்ந்துவிட்டார். எத்தனை சில்லு என்று நான் கணக்கு வைக்கவில்லை. கடைசியில் ஒரு சில்லை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இதுதான் தம்பி" என்றார்.

வெளிர் மஞ்சள். ஊரில் எல்லா ஆபீஸ் சுவரிலும், எல்லாப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இருக்கிற அதே வெளிர் மஞ்சள். இதற்கு ஒரு மனுஷன் குளத்தில் இறங்க வேண்டுமா. அடித்தேன். காய்கிறவரை அவர் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த அளவுக்கு முன்னேறியிருந்தார்.

அந்த வருஷம் அவர் பட்ட பாட்டைப் பார்த்துத் தெரு சிரித்தது, நானும்தான். கடையில் ஆணி நிறுக்கும்போது கண் எங்கேயோ இருக்கும், கை தராசில் அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் சுவரைப் பார்த்தால் கை ஊறுகிறது என்று வாசலைப் பார்த்து உட்காருவார். தூங்குவதும் கதவைப் பார்த்துத்தான். மீதி ஊறலை எல்லாம் பார்க்கில் தீர்த்தார். சில்லு, கலயம், நான். "வீட்டத் தொடலல்ல? சில்லுலதானே பூசுறோம்?" என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார். ஆமாண்ணே என்பேன். சோணைக்கே மனசு இளகிவிட்டது. "இங்கனக்குள்ள உக்காந்து பூசிட்டுப் போங்க பாய், வீட்டுல பூசுனா அம்மா வராதுல்ல" என்று ஒரு மரத்தடியையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

பதினோரு மாதம் போயிற்று. நோன்பு தொடங்கியது. கூடவே ஐப்பசி அடைமழையும் வந்தது.

நோன்பு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ராவுத்தர் நனைந்துகொண்டே என்னைத் தேடி வந்தார். குடை கையில் இருந்தது. விரிக்க மறந்திருந்தார்.

"தம்பி, வெரசா வா. சுவரு தானா மாறுது."

போய்ப் பார்த்தேன். மச்சு ஒழுகி, முன்கட்டுச் சுவரில் தண்ணீர் இறங்கியிருந்தது. வெளிர் மஞ்சளின் நட்ட நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தேயிலைக் கஷாயம் கொட்டினாற்போலப் பழுப்புக் கறை. ஓரமெல்லாம் கோணல்.

"இது நான் செஞ்சதில்ல" என்றார்.

"தெரியும்ண்ணே. மேல ஓட்டையை அடைச்சிட்டு ஒரு இழுப்பு இழுத்தா மறைஞ்சிரும்."

"மறையுமா?"

பொய் சொல்ல வராத முகம் என்று அவர் சொன்னது சரிதான். பழைய சுண்ணாம்புக்கு நடுவில் புதுச் சுண்ணாம்பு அடித்தால் ஒட்டுப்போட்ட வேஷ்டி மாதிரி தனியாகத் தெரியும். மறைய வேண்டும் என்றால் சுவர் முழுக்க அடிக்க வேண்டும். முழுக்க அடித்தால் புதுசு என்று தெரியும். ஆமினாம்மாவுக்கு அதைக் கண்டுபிடிக்க என் நகம்கூடத் தேவைப்படாது.

"தொட்டாலும் போச்சு, தொடாட்டியும் போச்சு" என்று சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஓட்டையை மட்டும் அடைத்தேன். சுவரை விட்டுவிட்டேன். தெருவில் அந்த மாதம் எல்லா வீட்டிலும் பெருநாளுக்குச் சுண்ணாம்பு வாசம். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்தத் தெருவில் மட்டை படாத ஒரே வீடு பச்சோணான் வீடு. கறை காயக் காய இன்னும் அசிங்கமாக ஆனது. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "என்னா ராவுத்தரண்ணே, இது எந்த மரத்து நெறம்?" என்று கேட்டார்கள். சுவரில் ஒரு பல்லி கழிந்த இடத்துக்காக வீட்டையே திருப்பி அடித்த மனுஷன், தலையைக் குனிந்தபடி கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் மட்டும் என்னிடம், "ராத்திரி கண்ண மூடுனாலும் அந்தக் கறை தெரியுது தம்பி" என்றார். என் மட்டையைப் பார்த்தபடியே சொன்னார். உடனே எழுந்து வெளியே போய்விட்டார்.

பெருநாள் காலை. சமயநல்லூரில் இருந்து வண்டி வந்தது. நான் எதிர்ச்சாரியில் வாளியைக் கழுவுகிறமாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ராவுத்தர் புதுச்சட்டை போட்டு, தொப்பி வைத்து, வாசலில் நின்றார். தொழுதுவிட்டு வந்த மனுஷன் தேர்வு எழுதப் போகிறவர்போல வேர்த்திருந்தார்.

ஆமினாம்மா இறங்கி உள்ளே போனார். மாடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தார். முன்கட்டில் கறைக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இது எப்ப ஒழுகுச்சு?"

"நோன்பு ஆரம்பத்துல."

"ஒரு மாசமா இத இப்படியே பாத்துக்கிட்டா இருந்தீக?"

"பாக்கல. கதவப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா கறையில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வண்டிக்காரனிடம், "பெட்டிய எறக்கி வச்சிட்டு நீ போ" என்றார். வாசலைத் தாண்டும்போது முந்தானையை வாயில் வைத்திருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எதிர்ச்சாரியில் இருந்து தெரியவில்லை.

பெட்டி உள்ளே போனதும் நிபந்தனைகளும் கூடவே போயின. வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளுக்குத்தான் வீடு அடிப்பது. நிறம் அம்மா சொல்கிற நிறம். ராவுத்தர் வீட்டுக்குள் மட்டையைத் தொடக் கூடாது. அன்று மத்தியானமே அம்மா கடையில் இருந்து ஒரு படி ஆணி வரவழைத்துச் சுவரில் அடித்தார். கண்ணாடி ஏறியது. காலண்டர் ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார் என்று கேள்வி.

வீட்டில் கை வைக்க முடியாத மனுஷன் எங்கே போவார். மேற்கே வயல்காட்டு ஓரம் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு தை மாதக் காலையில் கையில் மட்டை, வாளி, பொடி மூட்டை. என் வீட்டுக்காரி உலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, உன் வீட்ட நான் அடிக்கிறேன். நீ உக்காரு."

"வேணாம்ண்ணே."

"இம்புட்டு வருசமா நான் சொன்ன நெறத்தையெல்லாம் அடிச்சிருக்க. உனக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாது. சொல்லு."

ஊர்ச் சுவர் பூராவும் அடித்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கீழே பார்த்தபடி யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், அறுப்பு முடிந்த வயலில் சாயங்காலம் தெரிகிற நிறம் என்றேன். சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. வயலில் இறங்கி, செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெகுதூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் அடித்த அடியைப்போல ஒரு கேவலமான வேலையை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. பிசின் சேர்க்கவில்லை. வடிகட்டவில்லை. மேலே இருந்து கீழே இழுக்க வேண்டியதை நடுவில் இருந்து இரண்டு பக்கமும் இழுத்தார். சுவரில் பாதி, தாடியில் பாதி. ஏணியில் ஏறத் தெரியாமல் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரி உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் விழுந்த சுண்ணாம்போடு என்னைப் பார்த்தார்.

"எப்படித் தம்பி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அது பொய் இல்லை.